இலவச ஸ்லைடு கருவிகள்: வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கத்துப் பள்ளிகளில் பாடம் எடுப்பவர்களுக்கு கூகுள் ஸ்லைட்ஸும் கேன்வாவும் பெரிய உதவி. காசு கேட்காத நல்ல கருவிகள். ஆனால் ராத்திரி வீட்டு லேப்டாப்பில் பளிச்சென்று தெரிந்தது, மறுநாள் வகுப்பில் பல்லைக் காட்டிவிடுகிறது.

தமிழ்வழி ஆசிரியர்கள் அதிகம் அடிபடுவது எழுத்துருவில்தான். பாமினியில் தட்டி வைத்த பழைய வினாத்தாளை காப்பி செய்து ஸ்லைடில் ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துரு அது. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. தமிழக அரசு 2010லேயே, தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்கள் கொடுத்திருக்கும் யூனிகோடு முறைக்கு வந்துவிட்டது. பழையதை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுங்கள், எடுத்ததை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கலாம். கூகுள் ஸ்லைட்ஸின் எழுத்துருப் பட்டியலில் தமிழை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது. முக்த மலர், கேட்டமரன் இரண்டும் தூரத்திலிருந்து நன்றாகப் படிக்க வரும்.

நெட்டை நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள். கூகுள் ஸ்லைட்ஸை ஆஃப்லைனில் திறக்கலாம், ஆனால் அந்த வசதியை நெட் இருக்கும்போதே, அதே லேப்டாப்பில் போட்டு வைத்திருக்க வேண்டும். அதைவிட, பிடிஎஃப்பாக இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்வது நிம்மதி. அனிமேஷன் போய்விடும், போகட்டும். எழுத்து உடையாது.

அடுத்தது, டெம்ப்ளேட் மயக்கம். என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. அந்தப் பாடத்துக்கு, கருவி கொடுக்கிறதே என்று ஏதோ ஐரோப்பிய ஸ்டேஷன் படத்தையா போடுவது? ராயபுரம் ஸ்டேஷனின் உயரமான தூண்கள் இன்றும் நிற்கின்றன. போனில் ஒரு படம் எடுத்து, ஸ்லைடு முழுக்க அதையே போடுங்கள். கீழே ஒரே கேள்வி: "முதல் பயணிகள் ரயில் ஏன் இங்கிருந்து கிளம்பியது?" பிறகு ரிமோட்டை வைத்துவிட்டுக் காத்திருங்கள். துறைமுகம், ஜார்ஜ் டவுன் வியாபாரம், கோட்டை என்று பிள்ளைகளே சொல்லிக்கொண்டு வருவார்கள். சொல்லச் சொல்ல சாக்பீஸால் போர்டில் படம் போடலாம். இதையே பத்து வரியாக ஸ்லைடில் அடைத்திருந்தால், அத்தனை பேரும் தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

வெயில் விழும் சுவரில் கறுப்புப் பின்னணி எடுபடாது. வெளிர் பின்னணியில் அடர்ந்த எழுத்து வையுங்கள். வகுப்பு தொடங்குமுன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.

மாணவர் குழுவுக்கு லிங்க் அனுப்பும்போது "திருத்தலாம்" என்ற அனுமதியோடு அனுப்பினால், யாராவது ஒரு விரல் பட்டு பாதி ஸ்லைடு அழிந்துபோகும். பழைய பதிப்பை மீட்கலாம்தான், ஆனால் அதற்குள் பீரியட் முடிந்துவிடும். "பார்க்கலாம்" போதும். ஆளுக்கொரு பிரதி வேண்டுமென்றால், கூகுள் ஸ்லைட்ஸ் லிங்கின் கடைசியில் இருக்கும் 'எடிட்' (edit) முதல் மீதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அங்கே 'காப்பி' (copy) என்று ஆங்கிலத்தில் போட்டு அனுப்புங்கள்.

லேப் கணினியில் உங்கள் ஜிமெயிலைத் திறந்தபடி விட்டு வராதீர்கள். மதிப்பெண் பட்டியலும் பெற்றோர் போன் நம்பர்களும் அதே கணக்கின் டிரைவில்தான் இருக்கும்.