எலெக்ட்ரிக் கிட் மாட்டிய சைக்கிளில் பிரேக் கேபிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலெக்ட்ரிக் கிட் மாட்டுகிறவர்கள் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் ஒரு நாள் முழுக்கச் செலவழிக்கிறார்கள். பிரேக் கேபிளுக்குக் கிடைப்பது கடைசிப் பத்து நிமிடம்தான். நட்டை இறுக்குங்கள், வயர் நிறம் பார்த்துச் செருகுங்கள் என்பதெல்லாம் கிட்டோடு வரும் தாளிலேயே இருக்கும், அதை இங்கே திரும்பச் சொல்லவில்லை. புதிதாக மாட்டுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செய்யும், அந்தத் தாளில் இல்லாத தவறுகளைத்தான் எழுதுகிறோம். 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவில் இருக்கும் மோட்டார்) கிட், வி-பிரேக் (ரிம்மின் இரு பக்கமும் நீளமான இரண்டு கைகள் கட்டையை அழுத்தும் பிரேக்) உள்ள 26 இன்ச் சைக்கிள் என்று வைத்துக்கொள்வோம்.

கட்-ஆஃப் கனெக்டரைக் கழற்றிவிடுவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

கிட்டில் வரும் பிரேக் லீவருக்குள் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும். லீவர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்ததும் அது கண்ட்ரோலருக்கு, அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்கு, தகவல் கொடுத்து மோட்டாரை நிறுத்திவிடும். இதுதான் கட்-ஆஃப். பிரேக் கட்டை ரிம்மைத் தொடும் முன்பே மோட்டார் அடங்கிவிட வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. பிரேக் பிடித்துக் கையை எடுத்தபின் லீவர் முழுசாகத் திரும்பாமல் கொஞ்சம் உள்ளேயே நின்றால், பிரேக் பிடித்திருப்பதாகவே கண்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். டிஸ்ப்ளே எரியும், பேட்டரி நிறைந்திருக்கும், ஆக்சிலரேட்டரைத் திருகினால் மட்டும் சக்கரம் அசையாது.

உடனே கண்ட்ரோலர் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்குகிறார்கள். அதிலும் ஓடாது. பிறகு யாரோ சொல்லி, லீவரிலிருந்து வரும் கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தால் மோட்டார் சுற்றுகிறது. சரியாகிவிட்டது என்று அந்த முனையில் டேப் சுற்றிவிடுகிறார்கள். கேபிள் சிக்கியிருக்கிறது என்பதை அந்தச் சுவிட்ச்தான் காட்டிக்கொண்டிருந்தது. கேபிளைத் தொடாமல் சுவிட்சின் வாயை அடைத்தாகிவிட்டது.

சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. கட்டை ரிம்மை உரசிக்கொண்டே வரும். காலால் மிதிக்கும் சைக்கிளில் இந்த உரசல் தொடையில் தெரிந்துவிடும். மோட்டார் இருந்தால் தெரியாது. 36 வோல்ட் கண்ட்ரோலர் 15 ஆம்பியர் இழுத்தால் 540 வாட், உரசலை மீறித் தள்ள அது தாராளம். பேட்டரி சீக்கிரம் காலியாகும், கண்ட்ரோலர் சுடும், கட்டை ஒரு பக்கமாகத் தேயும். அதைவிட மோசம், பெடல் அசிஸ்டில் (மிதிக்கும்போது மோட்டார் துணைக்குத் தள்ளும் முறை) மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டார் ஒரு நொடி வரை தள்ளும். 25 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி என்பது கிட்டத்தட்ட 7 மீட்டர். கட்-ஆஃப் இல்லாத வண்டியில், முன்னால் ஆள் குறுக்கே வரும்போது பிரேக் ஒரு பக்கம் இழுக்க மோட்டார் மறுபக்கம் தள்ளும்.

கனெக்டரைக் கழற்றுவது சோதனைக்கு மட்டும் சரி. ஒரு லீவருடையதை மட்டும் கழற்றுங்கள். மோட்டார் சுற்றினால் கோளாறு அந்த லீவர் பக்கம் என்று தெரிந்துவிடும், உடனே திரும்ப மாட்டிவிடுங்கள். இரண்டு வயர் மட்டும் உள்ள லீவர் என்றால், கழற்றிய முனையில் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கிட்டுகளில் லீவரை விட்டிருக்கும்போது பீப் வராது, இழுத்தால் வரும். விட்டிருக்கும்போதே பீப் வந்து, லீவரை விரலால் வெளியே தள்ளியதும் நின்றுவிட்டால், சுவிட்ச் நல்லது, கேபிள்தான் இறுக்கம்.

அடுத்து சக்கரத்தின் பக்கம், கட்டையைத் தாங்கும் பிரேக் கையில் மாட்டியிருக்கும் வளைந்த உலோகக் குழாயைக் கழற்றிவிட்டு, உள்கம்பியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது பிடித்தால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று:

- பழைய உள்கம்பியையே புது லீவரில் கோத்திருப்பார்கள். முன்பு போல்ட் நசுக்கிய இடம் இப்போது அவுட்டருக்குள் (உள்கம்பியை மூடியிருக்கும் உறை) போய் உரசும். லீவர் மாறினால் 1.5 அல்லது 1.6 மி.மீ. உள்கம்பியும் 5 மி.மீ. அவுட்டரும் புதிதாகப் போடுங்கள். கண்ட்ரோலர் விலையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.
- அவுட்டரைச் சாதாரணக் கட்டிங் பிளேயரால் வெட்டியிருப்பார்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயின் வாய் நசுங்கி, சுருள் கம்பியின் முனை உள்பக்கம் மடங்கியிருக்கும். அரத்தால் முனையைச் சமமாக்கி, குண்டூசியால் வாயைத் திறந்து, மூடி போட்டு உட்கார வைக்க வேண்டும்.
- ஆக்சிலரேட்டர், டிஸ்ப்ளே, கட்-ஆஃப் வயர்கள் எல்லாவற்றையும் பிரேக் அவுட்டரோடு சேர்த்து கேபிள் டை போட்டு இறுக்கியிருப்பார்கள். மின்வயர்களைத் தனிக்கட்டாகக் கட்டுங்கள். பிரேக் அவுட்டரைச் சுற்றும் டை, அவுட்டர் அதற்குள் நகரும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும்.

ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் மோட்டார் நின்றால், அந்த அவுட்டர் நீளம் போதாமல் இழுபடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி அளந்த பிறகே வெட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மோட்டார் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மெதுவாகச் சுற்றவிட்டு, லீவரை ஒரு விரலால் தொடுவதுபோல் இழுங்கள். கட்டை ரிம்மைத் தொடும் முன் மோட்டார் நிற்க வேண்டும். இரண்டு லீவருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

பிரேக்குக்குப் பொருந்தாத லீவர்

வி-பிரேக்குக்கு லீவர் கேபிளை அதிகமாக இழுக்க வேண்டும். காலிப்பர் பிரேக்குக்கு (டயருக்கு மேலே போல்ட்டில் மாட்டி, இடுக்கி மாதிரி ரிம்மைப் பிடிக்கும் பிரேக்) கொஞ்சம் இழுத்தால் போதும். கிட்டில் வரும் லீவர் உங்கள் பிரேக்குக்கு ஏற்றதாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. குறைவாக இழுக்கும் லீவரை வி-பிரேக்கில் மாட்டினால் கட்டை அழுந்தும் முன்பே லீவர் பிடியில் முட்டும். அதைச் சரிக்கட்ட, கட்டையை ரிம்மோடு ஒட்டி வைத்துக் கேபிளை இறுக்குவார்கள், மறுபடி உரசல் ஆரம்பமாகும். மாறாக அதிகமாக இழுக்கும் லீவரைக் காலிப்பரில் போட்டால் லீவர் கல் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. கையில் கெட்டியாகத் தெரிவதால் பலரும் இதை நல்ல பிரேக் என்று நம்பிவிடுகிறார்கள்.

லீவரின் அச்சாணியிலிருந்து கேபிள் முனையிலுள்ள குண்டு உட்காரும் இடம் வரை அளந்து, கழற்றிய பழைய லீவரோடு ஒப்பிடுங்கள். கணிசமாக வேறுபட்டால் பழைய லீவரையே வைத்துக்கொண்டு, அதில் ஒட்டும் காந்தக் கட்-ஆஃப் சென்சார் வாங்கிப் போடுவதுதான் சரி. சென்சாரின் கனெக்டர் உங்கள் கண்ட்ரோலருக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.

கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போடுவது

கூடாது. அதன் உள்ளே கம்பிகள் நீளவாக்கில் இருக்கும், பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது வெடித்துப் பிளந்துவிடும்.

ரிம் மாறியதைக் கவனிக்காதது

மோட்டார் கோத்து வரும் ரிம் பழையதைவிட அகலமாகவோ குறுகலாகவோ இருக்கலாம். கேபிளைத் தொடும் முன் கட்டையை நகர்த்தி வையுங்கள். கட்டையின் மேல்விளிம்பு டயரைத் தொட்டால் சில நாளில் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும். கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இரு பக்கமும் சேர்த்து 2 முதல் 3 மி.மீ. இடைவெளி போதும்.

ராட் பிரேக் சைக்கிள்

ராட் பிரேக்கில் கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும். அதன் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் அழுந்துவது, மோட்டார் சக்கரத்தின் ரிம் அதற்குச் செய்ததல்ல. காலிப்பர் மாட்ட வழி செய்யாமல் கிட் வாங்காதீர்கள்.

புதுக் கேபிளை ஒரே தடவை இறுக்கிவிட்டு விடுவது

மாட்டியதும் லீவரைப் பத்துப் பதினைந்து முறை பலமாக அழுத்துங்கள். அவுட்டர் முனைகள் உட்கார்ந்து கேபிள் தளரும். பிறகு கேபிளைப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கம்பியை இழுத்து, 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். கம்பியின் வால் 3, 4 செ.மீ. விட்டு முனைமூடி போடுங்கள், பிரிந்த கம்பி இழை ஹப் மோட்டார் வயர் பக்கம் போகக்கூடாது. ஒரு வாரம் ஓட்டிய பின் லீவர் ஓரத்தில் இருக்கும் திருகுக் குழலில் மிச்சத் தளர்வை எடுத்துவிட்டு, சக்கரத்தைத் தூக்கிக் கட்-ஆஃப் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.