எஸ்டிஎஸ்எஸ், டூமாஸ்: இரண்டு சர்வேயைச் சேர்த்துப் பார்ப்பது எப்படி?

ராமேஸ்வரம் பக்கம் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இருட்டு தாராளமாகக் கிடைக்கும், ஆனால் உப்புக் காற்று பிசுபிசுவென்று கண்ணாடியில் ஏறிவிடும். அதோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், மற்றவர்கள் எடுத்து இலவசமாகப் போட்டிருக்கும் தரவுக்கு நான் மாறிவிட்டேன். பழைய லேப்டாப்பும் போன் ஹாட்ஸ்பாட்டும் போதும்.

எஸ்டிஎஸ்எஸ் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும், டூமாஸ் அண்மை அகச்சிவப்பிலும் (சிவப்பைத் தாண்டிய, கண்ணுக்குத் தெரியாத ஒளி) வானத்தை அளந்து பட்டியல் போட்ட சர்வேக்கள். எதற்கு இரண்டு? கண்ணுக்குத் தெரியும் ஒளியில் புதிதாகப் பிறந்த, சூடான நீல நட்சத்திரங்கள்தான் ஆட்டம் போடும். எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் வெளிச்சம் அவற்றுடையது. ஒரு விண்மீன் மண்டலத்தின் (கேலக்ஸி) எடையைச் சுமப்பவை வயதான நட்சத்திரங்கள், அவை அண்மை அகச்சிவப்பில்தான் நன்றாகத் தெரியும். போதாக்குறைக்கு தூசியும் நீல ஒளியைத்தான் அதிகம் மறைக்கும். 2.2 மைக்ரான் அலைநீள அகச்சிவப்பில் அந்த மறைப்பு, கண் பார்க்கும் ஒளியில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் அட்டவணைகளை ஒப்பிட உதவும் டாப்கேட் என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள், ஜாவா இருந்தால் ஓடும். அடுத்து இடம். கோமா என்ற மண்டலக் கொத்தை எடுங்கள்: ஏப்ரல் இரவில் சுவாதிக்கும் உத்திரத்துக்கும் நடுவே, சற்று வடக்கே. சுமார் 32 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்கள், வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நம் பால்வீதியின் தூசி அந்தத் திசையில் ரொம்பக் குறைவு என்பதால், முதல் தடவை அந்தத் தூசிக்கான திருத்தத்தை விட்டுவிடலாம்.

டாப்கேட்டுக்குள்ளிருந்தே விசியர் என்ற இணைய வானியல் அட்டவணைச் சேவையைத் திறந்து, கோமாவைச் சுற்றி 1 பாகை ஆரத்தில் டூமாஸின் விரிந்த பொருட்கள் (புள்ளியாக இல்லாமல் பரந்து தெரிபவை) அட்டவணையை இறக்குங்கள். இது 1997 முதல் 2001 வரை அரிசோனாவிலும் சிலியிலும் இருந்த இரண்டு 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் வானம் முழுவதையும் ஜே, ஹெச், கே என்ற அண்மை அகச்சிவப்புப் பட்டைகளில் எடுத்தது. அப்புறம் நியூ மெக்ஸிகோவின் 2.5 மீட்டர் எஸ்டிஎஸ்எஸ் அட்டவணை. அதில் மண்டலம் என்று குறித்தவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பொருத்துதல். 3 ஆர்க் செகண்டுக்குள் இருந்தால் ஒரே பொருள் என்று வையுங்கள். 1 ஆர்க் செகண்ட் (பாகையில் 3600-ல் ஒரு பங்கு) எவ்வளவு? தனுஷ்கோடியில் நின்றுகொண்டு, 5 கிலோமீட்டர் தள்ளி ஒருவர் பிடித்திருக்கும் இரண்டு ரூபாய் நாணயத்தைப் பார்க்கிற அளவு. எஸ்டிஎஸ்எஸ்ஸில் நிறைய மண்டலங்கள் ஜோடி கிடைக்காமல் நிற்கும். அவற்றில் அகச்சிவப்பு இல்லை என்று அர்த்தமில்லை, டூமாஸ் பெரிய கண் வலை, மங்கலான மண்டலங்கள் என்ற பொடிமீன் அதில் நிற்காது.

நான் சறுக்கிய இடம் இனிமேல்தான். எஸ்டிஎஸ்எஸ்ஸின் சிவப்புப் பட்டையான ஆர்-இலிருந்து கே-யைக் கழித்தேன், கிட்டத்தட்ட எல்லாமே 3 வாக்கில் வந்தது. இந்த வித்தியாசம் கூடினால் பொருள் அதிகச் சிவப்பு என்று அர்த்தம், தூசியும் அப்படிச் சிவப்பாக்கும். ஆகா, கொத்து முழுக்கத் தூசி என்று இரண்டு நாள் குதித்தேன். விஷயம் அற்பம்: எஸ்டிஎஸ்எஸ்ஸின் மேக்னிடியூட் (பிரகாச அளவு) ஏபி முறை, டூமாஸ் வேகா முறை. கரையில் கூடைக் கணக்கு, கடையில் கிலோ கணக்கு, இரண்டையும் நேராகக் கழித்தால் என்ன வரும்? வேகா முறையில் அபிஜித் (வேகா) நட்சத்திரம் எல்லாப் பட்டையிலும் பூஜ்யம். ஏபியில் பூஜ்யம் என்பது நிலையான ஒரு ஒளியளவு. அதனால் டூமாஸ் ஜே-யோடு 0.91, ஹெச்சோடு 1.39, கே-யோடு 1.85 கூட்டிவிட்டுக் கழியுங்கள். சிவப்பு மண்டலங்கள் 1 பக்கத்தில் வந்து உட்காரும். இரண்டு சர்வேயும் மண்டலத்தை அளந்த வட்டம் ஒன்றல்ல, அதனால் புள்ளிகள் கொஞ்சம் சிதறும். பெரிய மண்டலங்களில் இன்னும் மோசம்.

கடைசியாக வரைபடம். கிடையாக ஜி (எஸ்டிஎஸ்எஸ்ஸின் பச்சைப் பட்டை) கழித்தல் ஆர், நெடுக்காக ஆர் கழித்தல் கே. கிடை அச்சில் 0.7, 0.8 பக்கம் திரண்டு நிற்பவை பெரும்பாலும் கொத்தின் வயதான மண்டலங்கள். கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் புள்ளியைத் தட்டி, அதன் ஆயத்தொலைவை அலாடின் என்ற இலவச வான வரைபட மென்பொருளில் போட்டுப் படத்தைப் பாருங்கள். எனக்குக் கிடைத்த முதல் விசித்திரப் புள்ளி, மண்டலத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நம் பால்வீதியின் ஒரு சாதாரண நட்சத்திரம்.