வாசிப்புச் செயலி: தரம் 6க்கு மேல் படிக்கும் பிள்ளைகளிடம் நாம் விடும் பிழைகள்

பிள்ளைக்கு வாசிப்பு ஓடவில்லை என்று சொன்னதும் பெற்றோர் இப்போது முதலில் கேட்பது, "எந்த ஆப்பைப் போடலாம் சேர்?" என்றுதான். வவுணதீவிலும் கேட்கிறார்கள், கல்முனையிலும் கேட்கிறார்கள். நான் இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். பாடசாலை விட்ட பிறகு வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் சிலரை வைத்துக்கொண்டு தனியாகப் பழக்குகிறேன், அதில் செயலிகளையும் பாவிக்கிறேன். பலன் கண்டும் இருக்கிறேன், ஒரு தவணை முழுதும் வீணாய்ப் போனதையும் பார்த்திருக்கிறேன். வீணாய்ப் போன இடங்களில் பெரும்பாலும் செயலி கெட்டதாக இருக்கவில்லை, நாங்கள் அதைக் கொடுத்த விதம்தான் பிழை.

இடைநிலை வகுப்புப் பிள்ளைகளின் நிலை வேறு என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தரம் 1, 2இல் இருந்த பிள்ளைகள், அதாவது எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் வீட்டில் இருந்த பிள்ளைகள், இன்று இடைநிலை வகுப்புகளுக்கு வந்துவிட்டார்கள். தரம் 6க்கு வந்துவிட்டால் யாரும் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. விஞ்ஞானம், வரலாறு, குடியியல், சமயம் என்று எல்லாப் புத்தகமும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு தாய் கையிலிருக்கும் போனை நம்பினால் அதில் தப்பில்லை.

ஆனால் போனைக் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலையை அநேகமாக யாருமே செய்வதில்லை. பிள்ளைக்கு எங்கே இடறுகிறது என்று பார்ப்பதுதான் அது.

கோயிலில் புராணம் படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பாட்டைப் படிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். குர்ஆன் மதரஸாவிலும் அப்படித்தான், பிள்ளை எழுத்தைச் சரியாக ஓதப் பழகும், பொருளை மௌலவி விளக்குவார். இரண்டும் இரண்டு வேலை என்று நம் ஆட்களுக்கு எப்போதோ தெரியும். 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் பெருக்கல் மொழியை விளங்கிக்கொள்ளும் திறன், அதன் விடைதான் வாசித்து விளங்குவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் மற்றது எவ்வளவு இருந்தும் விடை பூச்சியம்தான்.

கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். இரண்டு தரம் கீழே உள்ள பாடப்புத்தகத்தில் பிள்ளை முன்பு பார்க்காத ஒரு பந்தியை எடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு அதில் நான்கு கேள்வி கேளுங்கள். அடுத்து அதே அளவு இன்னொரு பந்தியை நீங்களே வாசித்துக் காட்டிவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். தானாக வாசித்தபோது திக்கித் திணறி ஒன்றும் சொல்லாத பிள்ளை, நீங்கள் வாசித்ததும் மளமளவென்று பதில் சொன்னால் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. தண்ணீர் போல வாசித்துவிட்டு இரண்டு முறையும் முழிக்கிற பிள்ளைக்குச் சிக்கல் பொருளில். முதலாவது பிள்ளைக்கு, பிள்ளை வாசிப்பதைக் கேட்டுப் பிழை திருத்தும் வகைச் செயலி உதவும். இரண்டாவது பிள்ளைக்கு அதே செயலியைக் கொடுத்தால் ஏற்கெனவே தெரிந்ததையே செய்து நட்சத்திரம் சேர்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்குத் தேவை சொல்வளமும், உலக விஷயமும், கூட இருந்து கேள்வி கேட்கும் ஒரு ஆளும்.

எழுத்தில் சிக்கல் இருக்கிற பிள்ளையிடமும் ஒன்றைக் கவனியுங்கள். கூகுளின் ரீட் அலோங் என்ற வாசிப்புச் செயலி தமிழிலும் இருக்கிறது, இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலும் வேலை செய்யும், எல்லாம் நல்லதுதான். ஆனால் அது ஐந்து வயதிலிருந்து தொடங்கும் சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்தது. பதினான்கு வயதுப் பையன் தம்பி தங்கைக்கு முன்னால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு குருவிக் கதை படிப்பானா? வெட்கத்தில் மூடிவிடுவான், நாம் "இவனுக்கு அக்கறை இல்லை" என்போம். தனியாக ஒரு இடம் கொடுங்கள். இல்லையென்றால் உரையை மட்டும் மாற்றுங்கள்: கிரிக்கெட் செய்தி, மோட்டார் சைக்கிள் பற்றிய குறிப்பு, அவனுக்குப் பிடித்த எதையாவது நீங்களே பெரிய எழுத்தில் தட்டச்சுச் செய்து, உரையைப் படித்துக் காட்டும் வசதியில் போட்டுக் கொடுக்கலாம்.

நட்சத்திரம் என்றதும் ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். தரம் 8. இரண்டு மாதமாக வீட்டில் செயலியோடு இருந்தவன், மதிப்பெண் எல்லாம் மேலே. தாய் அவ்வளவு சந்தோஷமாக வந்து காட்டினா. நான் அதே கதையை ஒரு தாளில் எழுதி, வரிகளை மேல் கீழாக மாற்றி வைத்து வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டான். அவன் செய்துகொண்டிருந்தது இதுதான்: முதலில் செயலி வாசிக்கக் கேட்பான், காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வான். ஞாபகசக்தி அபாரம், எழுத்தின் மேல் கண்ணே படவில்லை. அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இத்தனை வருடம் வகுப்பில் தப்பிப் பிழைக்க அவன் கண்டுபிடித்த வழி அது. திரையில் வரும் புள்ளியை நம்பாதீர்கள், வாரத்துக்கு ஒருமுறை தாளில் பாருங்கள்.

இதிலிருந்துதான் அடுத்த பிழையும் வருகிறது: செயலி வாசிக்க, பிள்ளை ஹெட்செட்டோடு படுத்துக்கொண்டு கேட்பது. கேட்பது கெட்டதல்ல. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்கும் உரையைக் குரலாக்கும் வசதி மூக்குக்கண்ணாடி மாதிரி. தயவுசெய்து அவர்களிடமிருந்து "சோம்பேறியாகிவிடுவாய்" என்று சொல்லி அதைப் பறிக்காதீர்கள். விஞ்ஞானப் பாடத்தில் அவர்கள் பின்தங்காமல் இருக்க அதுதான் வழி. ஆனால் கேட்டால் வாசிப்புத் திறன் தானாக வளரும் என்று நினைப்பது தவறு. திறன் வளர வேண்டுமென்றால் உழைப்பு பிள்ளையின் கண்ணிலும் வாயிலும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரே பகுதியைச் சத்தமாகத் திரும்பத் திரும்ப வாசிப்பதும், வாசிக்கும்போது ஒருவர் பக்கத்திலிருந்து திருத்துவதும் சரளத்தை வளர்க்கும் என்று சொல்லியிருந்தார்கள். நான் செய்வது இது: முதலில் பிள்ளை தானாக ஒரு பந்தி வாசிக்கும், எவ்வளவு தடுமாறினாலும் சரி. பிறகு செயலி வாசிக்க, பிள்ளை விரலை வைத்துக்கொண்டு வரியைப் பின்தொடரும். அப்புறம் குரலை நிறுத்திவிட்டு மறுபடியும் பிள்ளை வாசிக்கும். இந்த வரிசை மாறினால், அதாவது கேட்பது முதலில் வந்தால், மேலே சொன்ன பையனின் கதைதான்.

பிள்ளையையும் போனையும் தனியாக விட்டுவிடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. அமெரிக்கக் கல்வித் திணைக்களத்துக்காக 132 பாடசாலைகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2007இல் வெளியானது. சில வகுப்புகளில் மென்பொருள், சில வகுப்புகளில் வழக்கமான படிப்பிப்பு. வருட முடிவில் சோதித்துப் பார்த்தால் வாசிப்பில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அது தரம் 1, தரம் 4 பிள்ளைகளிடம் செய்தது. பிறகு சியூங், ஸ்லேவின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 84 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மொத்தத்தில் பலன் இருக்கிறது, ஆனால் சிறிது என்று கண்டார்கள். ஆசிரியரின் பாடத்தோடு பின்னிப் பிணைந்த திட்டங்களில் அந்தப் பலன் கூடியிருந்தது, பக்கத்தில் தனியாக ஓடவிட்ட மென்பொருளில் குறைந்திருந்தது. இடைநிலை மாணவர்களிடம் நல்ல பெயர் எடுத்த ரீட் 180 என்ற திட்டத்தைப் பாருங்கள். அதன் 90 நிமிட வகுப்பில் பிள்ளை கணினியின் முன் இருப்பது ஒரு பங்கு நேரம்தான். மற்ற நேரம் ஆசிரியரோடு சிறு குழுவிலும், தானாகப் புத்தகம் வாசிப்பதிலும் போகும். நாம் அந்த மற்ற நேரத்தையெல்லாம் வெட்டிவிட்டு, மென்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏன் பலிக்கவில்லை என்று கேட்கிறோம்.

எங்கள் பக்கத்து வீடுகளில் போன் ஒன்றுதான். தகப்பன் வயலுக்கோ கடலுக்கோ போய்த் திரும்பிய பிறகுதான் அது பிள்ளையின் கைக்கு வரும். அரை மணித்தியாலம் கிடைத்தால் அதில் பதினைந்து நிமிடம் செயலி, பதினைந்து நிமிடம் தாளில். பக்கத்தில் இருக்கிற ஆள் படித்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. "இதில என்ன சொல்லியிருக்கு, எனக்கும் சொல்லு பாப்பம்" என்று ஒரு அம்மம்மா கேட்டால் போதும். அவவுக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தால் பிள்ளைக்கு விளங்கிவிட்டது.

சரி, இனி எங்கள் தமிழுக்கே உரிய இரண்டு மூன்று விஷயங்கள்.

செயலிகளிலும் யூடியூபிலும் கிடைக்கும் தமிழ்ப் பாட உரைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காக எழுதியது. அவை நல்ல உரைகள்தான். ஆனால் அங்கே ஒளிச்சேர்க்கை என்பது எங்கள் புத்தகத்தில் ஒளித்தொகுப்பு, அங்கே அழுத்தம் இங்கே அமுக்கம், அங்கே செல் இங்கே கலம், அங்கே ஆக்ஸிஜன் இங்கே ஒட்சிசன். வாசிப்பில் ஏற்கெனவே தடுமாறும் பிள்ளை இரண்டும் ஒன்று என்று தானாகக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கதை வாசிக்க எந்த ஊர் உரையும் ஆகட்டும், பாட விஷயத்துக்கு எங்கள் பாடப்புத்தகத்தையே உரையாக வையுங்கள்.

குரலைக் கேட்டுப் பிழை பிடிக்கும் செயலிகளில் இன்னொரு சிக்கல். "வெற்றி", "காற்று" என்ற சொற்களில் ற்ற என்பதை நாங்கள் உச்சரிக்கும் விதம் வேறு, தமிழ்நாட்டில் வேறு. சரியாக வாசித்த பிள்ளையைச் செயலி "மீண்டும் முயற்சி செய்" என்று மூன்று முறை திருப்பியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நாலாவது முறை அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை. அந்த இடத்தில் "நீ வாசித்தது சரி, இதுக்கு எங்கட பேச்சு விளங்கவில்லை" என்று சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

பிறகு கோப்பு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பயிற்சித்தாளைக் குரல் செயலியில் போட்டால் அது ஆங்கில எழுத்தும் குறியீடுமாக உளறும், ஏனென்றால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு உள்ளே தமிழே இல்லை. எல்லாக் கணினிக்கும் தமிழாகவே விளங்கும் யூனிகோட் முறைக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும். இதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் "நூலகம்" என்ற இணையத்தளத்திலுள்ள பழைய சஞ்சிகைகள் அருமையானவை. ஆனால் அவை பக்கத்தைப் படமெடுத்துப் போட்டவை, பிள்ளை கண்ணால் வாசிக்கத்தான் ஏற்றவை.

வேகக் கணக்கு வேண்டாம். ஆங்கிலத்தில் தரம் 6 முடியும்போது நிமிடத்துக்கு 146 சொற்கள் என்பது நடுத்தரமான அளவு. அதைத் தூக்கித் தமிழில் வைத்து "இவன் பாதிதான் வாசிக்கிறான்" என்று சொன்ன ஆசிரியரைக் கண்டிருக்கிறேன். "படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பது எங்களுக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஏழெட்டுச் சொல் வேண்டும். பிள்ளையைப் போன மாதத்துப் பிள்ளையோடு ஒப்பிடுங்கள், அதே பந்தியில், அவ்வளவுதான்.

நீளமான பாடத்தைத் திரையில் வாசிக்க வைப்பதையும் குறைத்துக்கொள்ளலாம். 2018இல் 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வில் தாளில் வாசித்தவர்களே நன்றாக விளங்கிக்கொண்டிருந்தார்கள், அதுவும் தகவல் சொல்லும் உரைகளில், நேரம் குறித்து வாசிக்கும்போது. எங்கள் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போவதும் தாளில், நேரம் குறித்துத்தான். பாடப்புத்தகத்தைத்தான் அரசாங்கம் 1980இலிருந்து இலவசமாகத் தருகிறதே.

கடைசியாக, தரம் 9, 10, 11 பிள்ளைகளிடம் இப்போது புதிதாகப் பரவுவது. பாடத்தைப் போட்டோ பிடித்து செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து "சுருக்கித் தா" என்று கேட்பது, வந்ததைக் கொப்பியில் எழுதுவது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கவலை. எது முக்கியம், எதை விடலாம், எழுதியவர் எதற்காக இதைச் சொல்கிறார் என்று தேடுவதுதான் அந்த வயதின் வாசிப்பு, அந்த வேலையைத்தான் பிள்ளை கைமாற்றிக் கொடுக்கிறது. தடை போட்டுப் பயனில்லை, ஒளித்துச் செய்வார்கள். நான் வரிசையை மாற்றச் சொல்கிறேன்: முதலில் நீ ஐந்து வரியில் எழுது, பிறகு அதையும் எழுதச் சொல், இரண்டையும் பக்கத்தில் வைத்து அது எதை விட்டது, நீ எதை விட்டாய் என்று கோடு போடு. போன தவணை ஒரு பிள்ளை "சேர், இது புத்தகத்தில இல்லாத ஒண்டையும் சேர்த்து எழுதியிருக்கு" என்று ஓடி வந்து காட்டினா. அதைப் பிடிப்பதற்காக அவ அந்தப் பாடத்தை மூன்று தரம் வாசித்திருந்தா.

மேலே சொன்ன பத்து நிமிடச் சோதனைக்குக் கீழ்த்தரப் புத்தகம் வீட்டில் இல்லையென்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரத்துக்கும் தமிழில் இருக்கின்றன, இலவசமாக இறக்கலாம். இரண்டு பக்கத்தை மட்டும் கடையில் கொடுத்துத் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை காலையில் பிள்ளை களைப்பில்லாமல் இருக்கும்போது, மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். செயலியைத் தெரிவு செய்வதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.