உங்கள் தெருவில் முதல் சுவரோவியம்: கட்டம் போட்டு வரைவது எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை துரைப்பாக்கம் கண்ணகி நகருக்குப் போய்ப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டு தொடங்கி, நகரின் ஆற்றோரங்களிலும் கால்வாய் ஓரங்களிலும் வாழ்ந்த குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அது. பேரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் இந்த நகரத்தில் நிறைய. 2020-இல் தெருக்களில் ஓவியம் வரையும் ஸ்டார்ட் இந்தியா (St+art India) அமைப்பு அங்கே ஓவியர்களை அழைத்து வந்தது. மாடி மாடியாக நின்ற மொட்டைச் சுவர்களில் முகங்களும் பறவைகளும் ஏறின. இப்போது அந்தச் சுவர்களைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் போகிறார்கள்.

அந்த அளவுக்கு வரைய சாரமும் கிரேனும் வேண்டும். நாம் அதற்குப் போகப் போவதில்லை. 10 அடி நீளம், 6 அடி உயரம் உள்ள ஒரு காம்பவுண்டு சுவர் போதும். ஓவியப் பயிற்சி இல்லாதவர்களும், மூன்று பேர் சேர்ந்தால் இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம்.

முதல் படி: சுவரைக் கேளுங்கள்

சுவர் யாருடையது என்று தெரிந்துகொண்டு, உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பொதுப் பார்வையில் படும் இடங்களில் அனுமதி இல்லாமல் எழுதுவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பள்ளி, பூங்கா, மேம்பாலத் தூண் என்றால் உரிய அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் முதல் முயற்சிக்குத் தனியார் சுவரே நல்லது. கட்சிக்காரர்கள் ஏற்கெனவே சுண்ணாம்பு அடித்து, பெயரும் வருடமும் எழுதிப் பிடித்து வைத்த சுவராக இருந்தால், அவர்களிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

சட்டம் கேட்காத ஒரு சம்மதமும் உண்டு. அந்தச் சுவருக்கு எதிரே தினமும் உட்கார்ந்திருப்பவர்களின் சம்மதம். பெரம்பூரில் நான் வரைந்த முதல் சுவருக்கு எதிரே ஓர் அக்கா இட்லிக் கடை போட்டிருந்தார். நான் கொண்டுபோன படத்தில் ஒரு பெரிய புலியின் முகம் இருந்தது. "தம்பி, விடியக்காலையில நாலு மணிக்கு நான் தனியா வந்து அடுப்பு பத்த வைக்கிறேன். இது என்னைப் பாத்துக்கிட்டே இருக்குமே" என்றார். புலியை விட்டுவிட்டு, அந்தத் தெருவில் முன்பு நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வரைந்தேன். அந்த மரத்தைப் பற்றி எனக்குச் சொன்னவரும் அவர்தான். வரைபவர் இரண்டு நாளில் போய்விடுவார். படத்தோடு வாழப்போவது தெருவில் இருப்பவர்கள். அவர்களிடம் பேசாமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: என்ன வரைவது?

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனின் ஆர்மீனியன் தெருவில் 2012-இல் எர்னஸ்ட் சக்காரெவிச் என்ற ஓவியர் செய்ததைப் பாருங்கள். நிஜமான பழைய சைக்கிள் ஒன்றைச் சுவரில் பதித்து, அதன்மேல் இரண்டு குழந்தைகளை வரைந்துவிட்டார். பாதிப் படம் அந்தச் சைக்கிள்தான். நம் தெருச் சுவர்களிலும் இப்படி ஏதாவது இருக்கிறது: அடிபம்பு, மழைநீர்க் குழாய், விரிசலில் முளைத்த அரசங்கன்று. அங்கிருந்து யோசித்தால் படம் அந்தச் சுவருக்கே உரியதாகிவிடும்.

முகங்கள் வரைய ஆசைப்பட்டால், முதலில் இந்திரா நகர் ரயில் நிலையத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்குள்ள சுவரோவியம், எச்.ஐ.வி. பற்றிய ஒதுக்கலுக்கு எதிராக 2021-இல் சென்னை ஓவியர் எ-கில் வரைந்தது. சாதாரண மனிதர்களின் முகங்கள் வரிசையாக நிற்கும். யாருக்குத் தொற்று இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சொல்ல வந்ததும் அதுதான். முகங்களை வைத்தே விஷயத்தைச் சொல்லிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மூன்றாம் படி: சுவரைத் தயார் செய்தல்

எல்லோரும் அவசரப்படும் இடம் இது. என் முதல் சுவரின் கீழ் இரண்டு அடி, முதல் மழையிலேயே செதில் செதிலாக உரிந்து விழுந்தது. காரணம் ஓதம். ஈரம் உள்ளே இருக்கும்போது மேலே பெயிண்ட் அடித்தால், அது வெளியேறும் வழியில் பெயிண்டைத் தள்ளிவிடும். ஈரத்தோடு வரும் உப்பு வெள்ளையாகப் பூக்கும். கடலோர ஊரில் இந்தத் தொல்லை கூடுதல்.

ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் காயவில்லை. புதிதாகப் பூசிய சுவருக்கு 28 நாளாவது விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்கவே வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை சரியான காலம்.

அப்புறம் வேலை இந்த வரிசையில் நடக்கட்டும். பழைய போஸ்டர், பசை, உரியும் பெயிண்ட் எல்லாவற்றையும் பட்டித் தகட்டால் சுரண்டுங்கள். உப்பு பூத்த இடத்தைக் கழுவக் கூடாது, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். விரிசலுக்கு வெளிச்சுவர்ப் பட்டி பார்த்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். பிறகு எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கை. மறுநாள் வெள்ளை எமல்ஷன் இரண்டு கை, நடுவில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு.

60 சதுர அடிக்கு ஒரு லிட்டர் பிரைமரும் நான்கு லிட்டர் வெள்ளை எமல்ஷனும் வாங்குங்கள். அடிப்பூச்சுக்குப் போக மீதி வெள்ளை, நிறம் கலக்க உதவும். இளம் நிறங்களுக்கு வெள்ளையில் ஸ்டெய்னர் எனும் செறிவான நிறத் திரவத்தைக் கலந்தால் போதும். அழுத்தமான நிறம் வேண்டுமென்று ஸ்டெய்னரைக் கொட்டாதீர்கள், பூச்சு பலமிழந்துவிடும். அந்த நிறத்தைக் கடையிலேயே மெஷினில் கலந்து வாங்குங்கள். மொத்தம் நான்கைந்து நிறம் போதும். காவியும் செம்மண் சிவப்பும் இரும்பு ஆக்சைடு நிறமிகள், நம் வெயிலை நன்றாகத் தாங்குபவை. பளீரென்ற மஞ்சளும் இளஞ்சிவப்பும் பெரும்பாலும் சீக்கிரம் வெளுத்துவிடும்.

நான்காம் படி: கட்டம்

சின்னப் படத்தைப் பெரிய சுவருக்கு ஏற்றும் இந்த வித்தை, சென்னையில் சினிமா பேனர் ஓவியர்களின் கைகளில் வளர்ந்தது. ஒரு சின்ன போட்டோவை வைத்துக்கொண்டு அண்ணா சாலையில் மாடி உயரத்துக்கு ஒரு முகத்தை நிறுத்தியவர்கள் அவர்கள். பிளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் சரிந்தது, ஆனால் முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: "முகத்தைப் பாக்காத. கட்டத்தைப் பாரு." புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

படத்தைத் தாளில் 20 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரத்தில் வரைந்துகொள்ளுங்கள். அதன்மேல் 2 செ.மீ. கட்டங்கள் போட்டால் குறுக்கே 10, நெடுக்கே 6, ஆக 60 கட்டங்கள் வரும். மேலே 1, 2, 3 என்றும் பக்கவாட்டில் அ, ஆ, இ என்றும் பெயரிடுங்கள். அதை ஒரு படி ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிவதற்குள் தாள் முழுக்கப் பெயிண்ட் ஆகிவிடும்.

சுவரில் ஒரு கட்டம் ஒரு அடி. செங்குத்துக் கோட்டுக்குத் தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள், கண் அளவை நம்ப வேண்டாம். நூலில் கலர் சாக்பீஸ் பொடி தேய்த்து, இரண்டு பேர் இரு முனையிலும் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் நடுவில் சுண்டிவிட்டால் கோடு விழும். கொத்தனார்கள் நூல் அடிப்பது இப்படித்தான்.

இனி ஒவ்வொரு கட்டமாக மெல்லிய கோட்டில் நகல் செய்யுங்கள். தாளில் கோடு கட்டத்தின் எந்தப் பக்கத்தில், எவ்வளவு உயரத்தில் நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதை மட்டும் பாருங்கள். பத்துக் கட்டம் முடிந்ததும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துத் திருத்துங்கள்.

இலை, மீன் என ஒரே வடிவம் பலமுறை வந்தால் தடித்த பிளாஸ்டிக் தாளில் அந்த வடிவத்தை வெட்டி எடுத்து ஸ்டென்சில் செய்துவிடுங்கள். பாரிஸில் 1981 முதல் ப்ளெக் லெ ரா என்ற ஓவியர் சுவர்களில் எலிகளைப் பரப்பியது ஸ்டென்சில் வைத்துத்தான். பெயிண்டைத் தண்ணீர் விடாமல் ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள், ஓரம் கசியாது.

ஐந்தாம் படி: நிறம்

மேலிருந்து கீழே வாருங்கள், வழிந்தாலும் முடித்த இடம் கெடாது. பெரிய பரப்புகளை முதலில் நிரப்பி, நுணுக்கங்களைப் பிறகு தொடுங்கள். கருங்கோடு கடைசியில். கிழக்குப் பார்த்த சுவரில் மாலையிலும் மேற்குப் பார்த்த சுவரில் காலையிலும் வேலை செய்தால் நிழல் கிடைக்கும். சுடும் சுவரில் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து, பிரஷ் தடம் நின்றுவிடும்.

தெருப் பிள்ளைகள் கட்டாயம் வருவார்கள். பழைய சட்டை போட்டு வரச் சொல்லி, கீழ்வரிசைக் கட்டங்களை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். ஏணிப் பக்கம் மட்டும் விடாதீர்கள். கோடு கொஞ்சம் வெளியே போனால் போகட்டும், கருங்கோடு போடும்போது சரிசெய்துகொள்ளலாம்.

கடைசி வேலை

பெர்லின் சுவரில் எஞ்சிய 1.3 கிலோமீட்டர் நீளத்தில் 1990-இல் பல நாட்டு ஓவியர்கள் வரைந்த படங்களே வெயிலிலும் மழையிலும் கெட்டு, 2009-இல் மறுபடி வரையப்பட்டன. நம் சுவரும் மங்கும். அதனால் ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் எடுத்து, மூடி இறுக்கமான சின்ன டப்பாக்களில் ஊற்றி, மேலே நிறத்தின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். கட்டம் போட்ட தாளின் நகல் ஒன்றையும் சேர்த்துக் கட்டி, சுவருக்கு எதிரே இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பெரம்பூரில் அந்த டப்பாக்கள் இட்லிக் கடை அக்காவின் பெஞ்சுக்கு அடியில் இருக்கின்றன. போன தையில் மரத்தின் கீழ்க்கிளைக்கு அவரே பச்சை அடித்திருந்தார்.