வெல்கம் டு தி என்.ஹெச்.கே. மாங்காவ எப்படி படிக்கிறது: ரூம விட்டு வராதவன் கதைக்கு ஒரு கைடு

மொதல்லயே சொல்லிடறேன், காமெடி மாங்கான்னு (மாங்கான்னா ஜப்பான் காமிக்ஸ்) நம்பி இத எடுத்தீங்கன்னா பாதில "என்னடா இது இப்டி போகுது"ன்னு மூடி வெச்சிருவீங்க, சோகக்கதைன்னு நம்பி எடுத்தீங்கன்னா மொத சாப்டர்லயே சிரிச்சு தொலைச்சிட்டு அப்புறம் உங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடும். சிரிப்பு வர்ற அதே எடத்துல தான் வயித்த பெசையும். அதுக்கு கொஞ்சம் தயாராகிட்டு உக்காந்தா நல்லா இருக்கும்னு தான் இத எழுதறேன், கதைய ஒடைக்காம எவ்ளோ சொல்ல முடியுமோ அவ்ளோ சொல்றேன்.

எதுல ஆரம்பிக்கறதுங்கற குழப்பம் எல்லாருக்கும் வரும். ஏன்னா இதே கதை மூணு வடிவத்துல இருக்கு. தட்சுஹிகோ தகிமோட்டோ எழுதின நாவல் 2002 ஜனவரில கடோகாவா வெளியிட்டது, மாங்கா 2004ல இருந்து 2007 வரைக்கும் ஷோனென் ஏஸ் பத்திரிகைல வந்துச்சு, கதை அவரே, படம் கெண்டி ஓயிவா, மொத்தம் 8 வால்யூம் 40 சாப்டர். நடுவுல 2006ல கோன்சோ ஸ்டுடியோ 24 எபிசோட் அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் சீரிஸ், போட்டாங்க. மூணுலயும் ஆளுங்க ஒண்ணு, ஆரம்பம் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா போகப்போக தனித்தனி ரூட்டு. அனிமே கொஞ்சம் எளகின மனசோட போகும், நாவல் சின்னது, ஒரே மூச்சுல புலம்பற மாதிரி இருக்கும், மாங்கா தான் இருக்கறதுலயே இரக்கமே இல்லாதது. என்னய கேட்டா மாங்கால ஆரம்பிங்க, முடிச்சிட்டு ஒரு கேப் விட்டு நாவல். அனிமே பாத்தவங்க "எனக்கு தான் கதை தெரியுமே"ன்னு வால்யூம தாண்டி தாண்டி படிக்காதீங்க, பின்பாதில நீங்க பாத்தது எதுவும் உதவாது.

இங்கிலீஷ்ல டோக்கியோபாப் தான் 2006ல இருந்து 2008க்குள்ள எட்டையும் கொண்டு வந்தாங்க, அந்த கம்பெனி 2011ல அமெரிக்காவுல கடைய மூடிடுச்சு. அந்த பிரிண்ட் வேணும்னா பழைய புக்கா தேடணும். ஒண்ணு ரெண்டுன்னு உதிரியா வாங்காதீங்க, ஏழு வால்யூம் கெடச்சு கடைசி ஒண்ணு கெடைக்காம அலையறது இருக்கே, அந்த எரிச்சல் உங்களுக்கு வேணாம். நானே அப்டி அலைஞ்சவன்.

மாங்காவே இது தான் முதல் தடவைன்னா வலதுல இருந்து இடது. பக்கமும் அப்டி தான், கட்டமும் அப்டி தான், ஒரே கட்டத்துல ரெண்டு பேர் பேசினா பலூனும் அப்டி தான். மறந்துட்டீங்கன்னா இந்த கதைல பெரிய நஷ்டம், ஏன்னா ஜோக்கெல்லாம் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல தான் இருக்கு: இந்த கட்டத்துல பெரிய வீர வசனம், அடுத்த கட்டத்துல அதே ஆளு போர்வைக்குள்ள. தப்பு பக்கத்துல இருந்து படிச்சா மொதல்ல போர்வைய பாத்துட்டு அப்புறம் வசனத்த பாப்பீங்க, சிரிப்பே வராது.

கதை ரொம்ப சின்னது. தட்சுஹிரோ சாடோ, 22 வயசு, காலேஜ பாதில விட்டவன், நாலாவது வருஷமா ஒத்த ரூம் அபார்ட்மெண்ட்ல மொடங்கி கெடக்கறான். ஆறு தத்தாமி (தரைல விரிக்கற ஜப்பான் பாய்) அளவு ரூம், அதாவது சுமார் பத்து சதுர மீட்டர், அவ்ளோ தான் அவன் ஒலகம். ஜப்பான்ல இப்டி இருக்கறவங்கள ஹிக்கிகோமோரின்னு சொல்வாங்க, தமாகி சாய்டோன்னு ஒரு மனநல டாக்டர் 1998ல எழுதின புத்தகத்துக்கு அப்புறம் தான் இந்த வார்த்தை அங்க வீட்டுக்கு வீடு பரவுச்சு. ஆறு மாசத்துக்கு மேல வேலை, படிப்பு, பழக்கம் எதுவும் இல்லாம வீட்டோட இருந்தா தான் அந்த பேர்ங்கறது அங்க அரசாங்கம் வெச்சிருக்கற அளவு. இத ஏன் சொல்றேன்னா இந்த மாங்கா படிக்கற பாதி பேரு மூணு நாள் லீவுல வெளிய போகலன்னா ஒடனே "நானும் ஹிக்கி தான்"ன்னு சொல்லிக்கறாங்க, நானும் சொல்லிருக்கேன், அதெல்லாம் சும்மா சோம்பேறித்தனம். 2023ல ஜப்பான் கேபினட் ஆபீஸ் வெளியிட்ட கணக்குப்படி 15ல இருந்து 64 வயசுக்குள்ள ஏறக்குறைய 14 லட்சத்து 60 ஆயிரம் பேரு இப்டி இருக்காங்க, அதனால இது ஒரு எழுத்தாளர் கற்பனை பண்ணின விசித்திர பிராணி கெடயாது. எழுதினவரே அப்டி இருந்த ஆளு தான், நாவலோட பின்னுரைல அவரே ஒத்துக்கறார். எழுத்தாளர் பேரு தட்சுஹிகோ, ஹீரோ பேரு தட்சுஹிரோ, கடைசி எழுத்து மட்டும் தான் வேற. அத கவனிச்சிட்டு படிங்க, அவன அவரு எவ்ளோ கேவலப்படுத்தினாலும் அது அடுத்தவன கேவலப்படுத்தறது இல்லன்னு புரியும்.

அடுத்து டைட்டில் ஜோக், இது புரியலன்னா மொத சாப்டர் மொத்தமும் காத்துல போயிடும். என்.ஹெச்.கே.ன்னா ஜப்பான்ல நெசமாவே இருக்கற பொது ஒலிபரப்பு நிறுவனம், நிப்பான் ஹோசோ கியோகாய். சாடோ ஒரு நாள் உக்காந்து ரோசிச்சு கண்டுபிடிக்கறான், இது நிஹோன் ஹிக்கிகோமோரி கியோகாய், அதாவது ஜப்பான் ஹிக்கிகோமோரி சங்கம், டீவில சுவாரசியமான அனிமேவா போட்டு பசங்கள ஒட்டாகு, அதாவது அனிமே, கேம்னு வெறி பிடிச்சவங்களா ஆக்கி அப்டியே ரூமுக்குள்ள அடைச்சு வெக்கறது தான் இவங்க ரகசிய வேலைன்னு. இதுல இன்னொரு அடுக்கு இருக்கு, ஜப்பான்ல வாழ்ந்தவங்களுக்கு ஒடனே பிடிபடும்: அந்த நெச நிறுவனத்துக்கு டீவி வெச்சிருக்கறவங்க கட்டணம் கட்டணும், இந்த கதை வந்த காலத்துல அத வசூல் பண்ண ஆளு வீட்டுக் கதவ தட்டுவாங்க. கதவு தட்டற சத்தம் கேட்டாலே பேயறைஞ்ச மாதிரி ஆகறவனுக்கு அவங்க தான் வில்லன்னு தோணாதா பின்ன.

இப்ப தான் முக்கியமான எடத்துக்கு வர்றேன். சாடோ சொல்றத நம்பாதீங்க. கதைய சொல்றது அவன் தான், படத்துல தெரியறதும் பாதி அவன் மண்டைக்குள்ள இருந்து வர்றது தான், அதனால அவன் பயப்படறப்ப ஓயிவாவும் அந்த பயத்த நெசம் மாதிரியே வரைஞ்சு வெச்சிருப்பாரு. நான் ரெண்டாவது தடவ படிக்கறப்ப ஒரு பென்சில் எடுத்துக்கிட்டேன், "சதி"ங்கற பேச்சு வர்ற ஒவ்வொரு எடத்துலயும் ஒரு புள்ளி வெச்சேன், அப்புறம் அந்த புள்ளிக்கு ரெண்டு பக்கம் முன்னாடி திரும்பி போய் என்ன நடந்துச்சுன்னு பாத்தேன். பெரும்பாலும் ஒரே கதை தான்: யாரோ அவன பாத்து சிரிச்சிருப்பாங்க, இல்ல அவன் ஒரு வேலைய ஆரம்பிச்சு சொதப்பிருப்பான், இல்ல யாராவது ஒரு சாதாரண கேள்வி கேட்டிருப்பாங்க. அதுக்கு அப்புறம் தான் சதி வருது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், இவனுக்கு கோணல் கூடமே ஒரு அமைப்பு, அதுக்கு தலைவரு, உளவாளிங்க எல்லாம் இருக்கு. தோத்துட்டேன்னு சொல்றத விட என்னய தோக்கடிச்சிட்டாங்கன்னு சொல்றது எவ்ளோ சுகம் பாருங்க, அதுலயும் ஒரு ரகசிய சங்கமே தன்னய குறி வெச்சிருக்குன்னா தான் அவ்ளோ முக்கியமான ஆளுன்னு ஒரு பெருமை வேற. நீங்களும் அந்த பென்சில் வேலைய செஞ்சு பாருங்க, மாங்காவே வேற ஒண்ணா மாறிடும்.

ஆனா முழுக்க பைத்தியம்னு தள்ளவும் முடியாது. 2000ல ஜப்பான்ல ஒரு 17 வயசு பையன் பஸ்ஸ கடத்தி ஆள கொன்னான், அதுக்கு அப்புறம் டீவி முழுக்க ரூமுக்குள்ள இருக்கற பசங்களே ஆபத்தானவங்கங்கற மாதிரி பேச்சு ஓடுச்சு. நாவல் வந்தது அதுக்கு ரெண்டு வருஷத்துல. எல்லாரும் தன்னய ஒரு மாதிரி பாக்கறாங்கன்னு சாடோ நினைக்கறான்ல, அந்த காலத்துல கொஞ்சம் அப்டி தான் பாத்தாங்க.

பொய்ய கவனிங்க, இது அடுத்த டிப்ஸ். மிசாகின்னு ஒரு பொண்ணு வர்றா, மதப் பிரசாரம் பண்ற தன் அத்தை கூட சேந்து சாடோ கதவ தட்டிக்கிட்டு. அதுக்கு அப்புறம் இவன் எப்டியோ தைரியம் வரவழைச்சு ஒரு மாங்கா கஃபேக்கு (காசு குடுத்து உக்காந்து மாங்கா படிக்கற கடை) வேலை கேக்க போறான், கவுண்டர்ல அதே பொண்ணு, திரும்பி ஓட்டம். அப்புறம் அவளே இவன்கிட்ட ஒரு ஒப்பந்தம் நீட்டறா, உன்ன நான் குணப்படுத்தறேன், நீ ராத்திரி பார்க்குக்கு வந்து பாடம் கேக்கணும்னு. இவன் என்ன சொல்லணும்? ஆமா நான் வேலையில்லாதவன், உதவி வேணும்னு சொல்லணும். அத சொல்ல வாய் வராம, நான் வீட்ல இருந்து வேலை செய்யற கிரியேட்டர்னு அடிச்சு விடறான். விழுந்தும் மீசைல மண்ணு ஒட்டலயாம். அந்த ஒரு பொய்ய காப்பாத்த பக்கத்து ரூம் யமாசாகியோட சேந்து நெசமாவே ஒரு கம்ப்யூட்டர் கேம் பண்ண எறங்கறான். நாலு வருஷமா ஒரு வேலையும் செய்யாதவன், வேலை செய்யறதா சொன்ன பொய்க்காக ராத்திரி பகலா மண்டைய ஒடச்சுக்கறான். அப்பயும் கேம் எழுதறத விட "ரிசர்ச்"ங்கற பேர்ல பொண்ணுங்க படமா டவுன்லோட் பண்றது தான் ஜாஸ்தி. இந்த பகுதிய மெதுவா படிங்க, ஒவ்வொரு பொய்யும் அடுத்த பொய்ய எப்டி கூட்டிட்டு வருதுன்னு பாத்தா போதும், மாங்காவோட மொத்த மெஷினும் வெளங்கிடும்.

மத்த ஆளுங்களயும் இவன் கண்ணால பாக்காதீங்க. சாடோ தான் நோயாளி, மத்தவங்க எல்லாம் நார்மல்னு அவன் நினைக்கறான், நாமளும் அப்டியே நம்பிடறோம். யமாசாகி ஸ்கூல் ஜூனியர், நல்லா பேசுவான், திறமை இருக்கு, ஆனா செவுரு அதிர அனிமே பாட்டு போட்டுக்கிட்டு பொண்ணுங்க மேல வெறுப்ப வளத்துக்கிட்டு இருக்கான், ஊர்ல ஹொக்காய்டோல குடும்பத்து மாட்டுப்பண்ணை இவனுக்காக காத்துக்கிட்டு இருக்கு. ஹிடோமி ஸ்கூல் செம்பாய், அதாவது சீனியர், ஒலகமே சதின்னு சாடோவுக்கு மொதல்ல சொல்லிக் குடுத்ததே அவ தான், கைல எப்பவும் மாத்திரை. பழைய கிளாஸ் லீடர் ஒருத்தி வருவா, ரொம்ப தெளிவா, அழகா, பாசமா பேசுவா, மவுஸ் ரோடுன்னு ஒரு கம்பெனில ஆள் சேக்கறதுக்கு. ஜப்பானீஸ்ல ஆள் பிடிக்கற சங்கிலி மோசடிக்கு நெசுமி-கோன்னு பேரு, எலிச் சங்கம்னு வெச்சுக்கலாம், அதனால அந்த கம்பெனி பேர பாத்த ஒடனே ஜப்பான்காரன் சிரிச்சிருவான், சாடோ மட்டும் கையெழுத்து போடுவான். அந்த மோசடிய தடுக்க அங்க 1978லயே சட்டம் போட்டாச்சு, சட்டத்துக்கு உட்பட்ட நெட்வொர்க் விற்பனைன்னாலும் 20 நாளுக்குள்ள வேணாம்னு எழுதிக் குடுத்து வெளிய வர வழி இருக்கு, ஆனா அதுக்கு ஒருத்தர்கிட்ட போய் "எனக்கு வேணாம்"னு சொல்லணும். இவனால அது முடியுமா?

காசு எங்க இருந்து வருதுன்னும் ஒரு கண் வெச்சுக்கோங்க. வீட்ல இருந்து அப்பா அம்மா அனுப்பறாங்க. ரூமுக்குள்ள அடைஞ்சு கெடக்கறதுக்கும் ஒரு ஸ்பான்சர் வேணும், சாடோ இத பத்தி வாயே தொறக்க மாட்டான், சதிய பத்தி பக்கம் பக்கமா பேசுவான். எப்பல்லாம் அந்த காசு ஆட்டம் காணுதோ அப்பல்லாம் கதை நகரும்.

வேகம் பத்தி ஒரு வார்த்த. ஒரு நாளைக்கு ஒரு வால்யூம், அதுக்கு மேல வேணாம். போதை, ஆபாசம், தற்கொலை எல்லாம் ஜோக்கோட ஜோக்கா கலந்து வரும், கூட்டா சாகப் போறோம்னு கெளம்பற ஒரு பயணமே கதைல இருக்கு, சின்ன பசங்க கைல குடுக்கற புக்கு இல்ல. உங்களுக்கே இப்ப மனசு சரியில்ல, ஆளுங்கள பாக்கவே பிடிக்கலங்கற நெலமைல இருந்தீங்கன்னா ராத்திரி 2 மணிக்கு தனியா இத தொறக்காதீங்க, பகல்ல படிங்க, இல்ல அப்புறமா படிங்க, அதுக்கு முன்னாடி நம்பற ஆளு ஒருத்தர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ பேசிடுங்க. புக்கு எங்கயும் போகாது. நான் மொத தடவ ஒரே ராத்திரில மூணு வால்யூம் முடிச்சிட்டு விடிஞ்சதும் வாசல்ல காலிங்பெல் அடிச்சப்ப ரெண்டு நிமிஷம் மூச்சு விடாம நின்னேன், பால்காரரோ பேப்பர்காரரோ, போயே போயிட்டாரு. அன்னைக்கு தான் இந்த மாங்கா எப்டி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுது.

எட்டாவது வால்யூம் முடிஞ்சதும் ஒடனே யாரோட முடிவு நல்லா இருந்துச்சுன்னு சண்டை போட போகாதீங்க. மொத வால்யூம எடுத்து அந்த கதவு தொறக்கற காட்சிய மறுபடி படிங்க. இந்த தடவ சாடோவ விட்டுருங்க, அவன் வழக்கம் போல வேர்த்து ஊத்தி கத்திக்கிட்டு இருப்பான். அத்தைக்கு பின்னாடி நிக்கற பொண்ணு மூஞ்ச மட்டும் பாருங்க.