குளிர்ல இருந்து ரைபிள் உள்ள வரும்போது துருப் பிடிக்காம இருக்க

கனடா, அலாஸ்கா மாதிரி இடத்துல மைனஸ் 20 டிகிரில வேட்டைக்குப் போயிட்டு வர்றவங்க ரைபிள வீட்டுக்குள்ள வந்தப்புறம் கவர்ல போடாதீங்க, வெளியில நிக்கும்போதே குண்டெல்லாம் எடுத்து, சேம்பர் (சுடுறதுக்கு முன்னாடி குண்டு உக்கார்ற இடம்) காலியான்னு கண்ணால பாத்துட்டு, காத்து போகாத பைக்குள்ள வச்சு வாயை இறுக்கிக் கட்டி உள்ள கொண்டு வாங்க, அப்புறம் நாலஞ்சு மணி நேரம், தொட்டா சில்லுனு இருக்கிறது போற வரைக்கும், திறக்கவே கூடாது. ஜிப் வச்ச துணி உறை பத்தாது, தடிமனான குப்பைப் பையே போதும்.

ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் வேர்க்குதுல்ல, அதே கதைதான். 21 டிகிரி ரூம்ல ஈரப்பதம் 40 சதவீதம் இருந்தாலே, சுமார் 7 டிகிரிக்குக் கீழ இருக்கிற இரும்பு மேல தண்ணி கோத்துக்கும், வெளிய துடைச்சிடலாம், ட்ரிகர் உள்ளயும் ஸ்ப்ரிங்லயும் கோக்குறத யாரு துடைக்கிறது? பைக்குள்ள மாட்டுனது குளிர்காத்து, அதுல ஈரம் ரொம்பக் கம்மி, அதனால வேர்க்கிறதெல்லாம் பைக்கு வெளிப்பக்கம்தான்.

பனியிலயோ மழையிலயோ ஏற்கனவே நனைஞ்சிருந்தா இது ஆகவே ஆகாது, ஈரத்தை உள்ள வச்சுப் பூட்டுன மாதிரி ஆயிடும், அப்போ கழட்டித் துடைச்சுக் காய வச்சு லேசா எண்ணெய் போடுறதுதான் வழி. மறுநாள் காலைலயே திரும்பப் போறீங்கன்னா பையே வேணாம், ஹீட்டர் இல்லாத கராஜ்ல சட்டப்படி பூட்டி வைக்க வசதி இருந்தா அங்கேயே விட்டுடுங்க. ஸ்டெயின்லெஸ்னு அசால்ட்டா இருக்காதீங்க, உள்ள இருக்கிற ஸ்க்ரூவும் ஸ்ப்ரிங்கும் பெரும்பாலும் சாதா ஸ்டீல்தான்.