பாரிஸ் முகவரியில் பூல்வார் என்று இருந்தால்

பாரிஸில் யாராவது ஒரு முகவரியைத் தந்தால், வீதியின் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்லை முதலில் பாருங்கள். றூ என்றால் சாதாரண வீதி. அம்பாஸ் என்றால் முட்டுச்சந்து, போன வழியே திரும்பி வரவேண்டியதுதான். கே என்பது ஆற்றங்கரையோ கால்வாய்க்கரையோ ஒட்டிய வீதி. அவென்யூ ஒரு காலத்தில் மாளிகை வாசலுக்குப் போகும் மரவரிசைப் பாதை. இப்போது அகலமான வீதி, அவ்வளவுதான். பூல்வாரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டச்சு மொழியில் கோட்டைக் கொத்தளத்தைக் குறித்த ‘போல்வெர்க்’தான் பிரெஞ்சுக்காரர் வாயில் பூல்வார் ஆனது. (யாழ்ப்பாணத்து ஒல்லாந்தர் கோட்டை மதிலில் ஏறி நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.) 1670இல் பதினான்காம் லூயி பாரிஸின் பழைய மதில்களை இடிக்கச் சொன்னார். அந்த இடத்தில் மரம் நட்டு உலாவும் பாதை போட்டார்கள். கொத்தளம் இல்லாமல் போன பிறகும் சனம் அதைப் பூல்வார் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, நம்மவர் கடைகள் இருக்கும் லா சப்பலுக்கு வருவோம். அங்கே தலைக்கு மேல் 2ஆம் இலக்க மெத்ரோ ஓடுகிறதே, அதற்குக் கீழே இருப்பது பூல்வார் து லா சப்பல். அதுவும் மதில் நின்ற இடம்தான். ஆனால் எதிரியைத் தடுக்க அல்ல, நகருக்குள் வரும் வைன் முதலிய சரக்குகளுக்கு வரி பிடுங்க 1780களில் கட்டிய மதில் அது. 1860இல் லா சப்பல் கிராமத்தைப் பாரிஸோடு சேர்த்தபோது அந்த மதிலை இடித்தார்கள். எல்லை மட்டும் இன்னும் போகவில்லை. அந்த வீதியில் ஒற்றை இலக்க வீடுகள் 75010, இரட்டை இலக்க வீடுகள் 75018. எதிரெதிர் வாசல்கள்தான், ஆனால் வட்டாரமும் வேறு, மேரி எனும் நகரசபை அலுவலகமும் வேறு. விண்ணப்பம் நிரப்பும்போது தபால் குறியீட்டைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள், எதிர்வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள்.

எல்லாப் பூல்வாரும் மதில் நின்ற இடம் என்றும் நினைத்துவிட வேண்டாம். மஜந்தா, செபஸ்தோபோல் போன்றவை 19ஆம் நூற்றாண்டில் பாரிஸை மாற்றியமைத்த அதிகாரி ஒஸ்மான் பழைய வீடுகளை இடித்துப் போட்ட நேர்வீதிகள். மதில்வழி வந்தவை நகரைச் சுற்றிப் போகும். ஒஸ்மானுடையவை நகரை ஊடறுத்துப் போகும். வழி தவறி நிற்கும்போது இது உதவும். போர்த் து லா சப்பல் என்ற பழைய நகர வாசல் பக்கத்துப் பூல்வார் நே, 1840களில் எழுந்த கடைசி மதிலின் உட்புறப் பாதை. அதற்கும் வெளியே பாரிஸைச் சுற்றி ஓடும் பெரிஃபெரிக் நெடுஞ்சாலை.

இன்னொரு சொல் ஃபோபூர்: மதிலுக்கு வெளியே வளர்ந்த குடியிருப்பு. நம்மவர் கடைத்தெரு றூ து ஃபோபூர் சென்-தெனி. முகவரியைச் சொல்லும்போது நடுவிலுள்ள ஃபோபூரை விட்டுவிட்டால் றூ சென்-தெனி என்ற வேறு வீதிக்குப் போய்ச் சேர்வீர்கள். போர்த் சென்-தெனி என்ற கல்வளைவுக்கு உள்ளே அது, வெளியே இது; இரண்டிலும் இலக்கம் 1இலிருந்து தொடங்கும். போதாக்குறைக்கு, சென்-தெனி என்று தனி நகரமே பாரிஸுக்கு வடக்கே இருக்கிறது.

வீட்டிலக்கத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. சென் நதியை விட்டு விலகிப் போகும் வீதிகளில் எண்ணிக்கை நதிப் பக்கமிருந்து தொடங்கும். நதிக்கு முதுகு காட்டி நின்றால் ஒற்றை இலக்கம் இடப்பக்கம், இரட்டை வலப்பக்கம். நதியை ஒட்டிய திசையில் போகும் வீதிகளில் நீரோட்டத்தின் வழியே எண்ணுவார்கள். இலக்கத்துக்குப் பின்னால் ‘பிஸ்’ என்று இருந்தால் அதையும் கட்டாயம் எழுதுங்கள். 37உம் 37 பிஸ்உம் தனித்தனி வாசல்கள், கடிதம் மாறிப் போய்விடும்.